முதலில் என்ன பழுது என்று எழுதவும்

வேனின் பக்கவாட்டில் நானேதான் எழுதினேன்,
நீலப் பெயின்டில், கொஞ்சம் கோணலாக:
குளிர்சாதனப் பழுது. யாஸ்னா தோமிச்.
கீழே என் எண்.

உலகத்தின் குளிர்ந்த நுனியில், புந்தா அரேனாஸில்,
ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்து பிழைக்கிறேன் என்றால்
சிரிப்பார்கள்.
ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாதா என்பார்கள்.
போதாது.
செந்தோயா நண்டுக்கு மைனஸ் இருபது வேண்டும்,
ஜன்னல் அவ்வளவு தராது.

முதல் வாரம் நாலு வேலை வந்தது.
இரண்டாம் வாரம் ஹாய் வந்தது.
ஹாய் அழகி.
வேனில் பெண் பெயர் பார்த்தேன், நிஜமா?
யாஸ்னா, தூங்கிட்டியா?
மணி ஒன்றே முக்கால்.
ஒருவன் எதுவும் எழுதவில்லை, படம் அனுப்பினான்.

பழைய ஃப்ரீசர்களின் அடிவயிற்றில்
முழங்கைவரை விட்டுத் துழாவியவள் நான்,
செத்த எலியை வாலைப் பிடித்து எடுத்தவள்.
ஆனாலும் அன்றைக்குப்
போனைத் தொட்ட கையை
இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

கொதிகலன் பார்க்கும் இவோவும்
வேனில் எண் எழுதித்தான் வைத்திருக்கிறான்.
அவனிடம் யாரும் தூங்கிட்டியா என்று கேட்பதில்லை.
கேட்டால், எங்கேயோ கொதிகலன் வெடித்திருக்கிறது.

தெரியாத எண்ணுக்குப் பதில் சொல்லாதே என்றாள் அக்கா.
தெரியாத எண்கள்தான், அக்கா,
என் வீட்டு வாடகை.

அதனால் எல்லாருக்கும் ஒரே பதில்:
வருகைக் கட்டணம் இருபத்தைந்தாயிரம் பெசோ. மாடல் எண் என்ன?
பாதிப் பேர் அதோடு காணாமல் போவார்கள்.
போட்டோ கேட்ட ஒருவனுக்கு
எண்ணெய் வழியும் கம்ப்ரெஸரின் பின்புறத்தை அனுப்பினேன்.
இதயம் ஒன்று போட்டான்.
என்ன சொல்ல.

பிறகு ஜூலை.
பத்து மணிக்குத்தான் விடியும் மாதம்.
நடு இரவில் புது எண்:
"ஹலோ. விழித்திருக்கிறீர்களா?"
அன்றைக்கு அது ஏழாவது.
படிக்காமலே ப்ளாக் செய்துவிட்டுப்
போர்வைக்குள் போனேன்.

நண்டுக் கிடங்கின் காவல்காரர், நோல்பெர்த்தோ பாரியா.
யாரிடமோ இரவல் வாங்கிய போன்.
விடிவதற்குள் முந்நூறு கிலோ
தரையெல்லாம் தண்ணீராக, நாற்றமாக.
என்னைத் திட்டவில்லை அவர்.
"நேரம் கெட்ட நேரம், மேடம்,
எடுத்தவுடன் மெஷினைப் பற்றிக் கேட்க
ஒரு மாதிரி இருந்தது" என்றார்.
தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றார்.

அந்த முந்நூறு கிலோவை
யார் கணக்கில் எழுதுவது?
அழகி என்றவனா, படம் அனுப்பியவனா,
நாலாவது ஆளா, ஆறாவது ஆளா?
ஒருவனுக்கும் பில் அனுப்ப முடியாது.
என்னிடம்தான் நாறியது,
வேனில், கோட்டில், ஆகஸ்ட் முழுக்க.

அக்டோபரில் காற்று கிளம்பினால்
தெருமுனையில் கயிறு கட்டுவார்கள் எங்கள் ஊரில்.
கடக்கிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும்.
எதிரே ஒரு கிழவர், பின்னால் ஒரு மாணவன்,
முன்பின் பார்த்ததில்லை, ஒரே கயிறு.
ஒருவர் கைகூட என் கையின்மேல் படவில்லை.
இடம் விட்டுப் பிடிக்க
எல்லாருக்கும் தெரிந்துதான் இருக்கிறது.

பெயரை அழித்துவிடு என்றான் இவோ.
தூரிகையை நனைத்தும் விட்டேன்.
அழிக்கவில்லை. கீழே ஒரு வரி சேர்த்தேன்:
முதலில் என்ன பழுது என்று எழுதவும்.

நேற்றிரவு ஒருவன் எழுதினான்: "பழுது நான்தான்."
பழைய மாடல், உதிரிபாகம் வருவதில்லை
என்று தட்டினேன்.
சிரிப்பு வந்தது. அனுப்பவில்லை.
அவனுக்கு அதுவே கிடைத்த மாதிரி ஆகிவிடும்.
ப்ளாக்.

பத்து நிமிஷம் கழித்து இன்னொன்று:
"ஃப்ரீசர் பனி கட்டுது, மோட்டார் கத்துது,
ராத்திரியில் தொந்தரவு, மன்னிக்கணும்."
பெயர் இல்லை. படம் இல்லை.
முகவரி, ஊருக்கு வெளியே.

பூட்ஸைப் போட்டேன்.
வாயு மீட்டர், டார்ச், டேப்.
பிறகு அந்தப் பெரிய ஸ்பேனர்,
எந்த ஃப்ரீசருக்கும் பொருந்தாதது,
கோட்டுப் பைக்குள்.